ஜீப் அப்பா பெயரில், எஞ்சின் பொலிரோவுடையது

கேள்வி: வக்கீல் அண்ணாச்சிக்கு வணக்கம். எங்களுக்குக் களக்காடு பக்கம். அப்பா 1996-ல் புதிதாக வாங்கிய மஹிந்திரா எம்எம் 540 ஜீப் இன்றைக்கும் அவர் பெயரில்தான் இருக்கிறது. ஏத்தன் வாழைத்தார் ஏற்றியே பாதி ஆயுள் போன வண்டி. எஞ்சின் ஹெட் வெடித்துப் புகை தள்ளியதால், உடைத்த பொலிரோ ஒன்றின் எஞ்சினை வாங்கி, லேத் வைத்திருக்கும் மச்சானும் நானும் வீட்டிலேயே மாற்றினோம். ஆசை விடவில்லை. ஸ்பிரிங் பட்டையை ஆக்ஸிலுக்கு மேலே ஏற்றி வண்டியை உயர்த்தினோம். 31 இஞ்ச் டயர், முன் பம்பரில் இரும்புக் கம்பி கார்டு, வண்டியை இழுத்தெடுக்கும் வின்ச், கூரையில் எல்இடி பார், மிலிட்டரி பச்சை பெயின்ட் என்று எல்லாம் போட்டாயிற்று. ஏர்வாடி ரோட்டில் நிறுத்தி சலான் போட்டுவிட்டார்கள். ஆர்சி புதுப்பிக்கப் போனால், எஞ்சின் நம்பர் ஒத்துப்போகவில்லை என்று இன்ஸ்பெக்டர் வாய்மொழியாகவே திருப்பி அனுப்பிவிட்டார். ஏஜென்ட் ஒருவர், ‘நம்பரைத் தேய்த்துவிட்டுப் பழைய நம்பரையே அடித்துத் தருகிறேன்’ என்கிறார். சொந்த வண்டி, சொந்தக் காசு, சொந்த வீட்டில் செய்த வேலை. இதில் என்ன குற்றம்? விபத்து ஆனால் இன்சூரன்ஸ் கைவிரிக்குமா? மலை நம்பி கோயில், தேரிக்காடு எல்லாம் இந்த ஜீப்பிலேயே போகலாமா? பழைய எஞ்சின் எங்கள் தொழுவில்தான் கிடக்கிறது.

பதில்: தம்பி, கேள்வியில் கடைசியாக, போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, பழைய எஞ்சின் தொழுவில் கிடக்கிறது என்று, அதைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அதை எவனாவது பழைய இரும்புக்குக் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் பிரிவு 52 நேரடியாகவே சொல்கிறது: தயாரித்த கம்பெனி குறித்த விவரங்களுக்கும் ஆர்சியில் இருக்கும் விவரங்களுக்கும் வித்தியாசம் வரும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. வண்டியின் அடிப்படை அம்சமே மாறும்படி கட்டமைப்பில் செய்யும் மாற்றம்தான் ‘மாற்றம்’ என்று அதே பிரிவு விளக்கமும் தருகிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை இறுக்கிப் பிடித்தது. கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்களை மாற்றிவிட்டு அதை ஆர்சியில் ஏற்றித் தரும்படி கேட்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். சிஎன்ஜி, எல்பிஜி, பேட்டரி போன்ற வேறு எரிபொருளுக்கு, அங்கீகாரம் பெற்ற கிட் போட்டு மாறுவதற்குத் தனி வழி உண்டு. எஞ்சின் பழுதானால் அதே கம்பெனி, அதே ரக எஞ்சினை முன்அனுமதியோடு மாற்றிக்கொள்ளலாம். உங்கள் கேஸ் இந்த இரண்டிலும் சேராது. எம்எம் 540-ல் வந்தது 2112 சிசி பியூஜோ வகை டீசல் எஞ்சின். பொலிரோவின் பழைய டிஐ எஞ்சின் 2523 சிசி. இரண்டுமே மஹிந்திராதான் என்று வாதாடலாம். ரகம் வேறு, சிசி வேறு, நம்பர் வேறு. இதை வைத்துக்கொண்டு அப்பீலுக்குப் போனால் ஜெயிப்பீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஃபீஸ் வாங்கிக்கொண்டு அப்படிச் சொல்பவர்கள் கிடைப்பார்கள்.

சொந்த வீட்டில் செய்தால் என்ன என்கிறீர்கள். பிரிவு 52 எந்த இடத்தில் ஸ்பானர் பிடித்தீர்கள் என்று பார்ப்பதில்லை. தோட்டத்துக்குள் மட்டும் ஓட்டிக்கொள்கிறேன் என்று சிலர் சொல்வார்கள். பிரிவு 39-ஐப் படித்தால் அவர்களுக்குத் தூக்கம் வராது: பதிவு இல்லாத வண்டியைப் பொது இடத்திலோ ‘வேறு எந்த இடத்திலுமோ’ ஓட்டக் கூடாது என்று அதில் இருக்கிறது. பதிவு காலாவதியான ஜீப்பை வாழைத்தோப்புக்குள் ஓட்டினாலும் சட்டம் அங்கேயும் வந்து நிற்கும்.

இன்னொன்றை நீங்கள் யோசித்தே இருக்க மாட்டீர்கள். 2019 திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ, உட்பிரிவு 4 தண்டிப்பது வண்டியின் ‘உரிமையாளரை’. அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஆர்சியில் இருப்பது உங்கள் அப்பா பெயர். ஸ்பானர் பிடித்தது நீங்களும் மச்சானும். கோர்ட் சம்மன் வந்தால் அது அப்பா பெயருக்குத்தான் வரும். விபத்து இழப்பீட்டிலும் இதே கதைதான். ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஆகவே வண்டியைச் சரிசெய்த கையோடு படிவம் 29, 30 கொடுத்து உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இந்த வயதில் அவரை நீதிமன்றப் படி ஏற வைக்க வேண்டாம்.

சரி, இனி தொழுவுக்கு வருவோம். வெடித்தது ஹெட்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். எஞ்சின் நம்பர் அடித்திருப்பது பிளாக்கில். பிளாக் உடையவில்லை என்றால் வேறு ஹெட் தேடிப் போட்டு, தேவைப்பட்டால் சிலிண்டரைக் கடைந்து (‘போர்’ செய்து), அதே எஞ்சினையே திரும்பவும் ஏற்றலாம். அப்போது ஆர்சியில் மாற்றவேண்டியது எதுவுமே இல்லை. யாரிடமும் அனுமதி கேட்கவேண்டியதும் இல்லை. சாக்கு எதுவும் மூடியிருந்தால் தூக்கிவிட்டு, நம்பர் இருக்கும் இடத்தை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்துப் பாருங்கள். துரு விடவில்லை என்று எமரி பேப்பரோ கிரைண்டரோ போட்டுவிடாதீர்கள். தேய்த்த தடம் ஒன்று தெரிந்தாலே இன்ஸ்பெக்டர் சந்தேகப்படுவார், அதில் தப்பும் இல்லை. நம்பர் தெளிவாகத் தெரியும்படி ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருவேளை பிளாக்கே போய்விட்டது என்றால், அதே ரக எஞ்சின் ஒன்றைத் தேடுங்கள். கோவை, நாமக்கல் பக்கம் பழைய பாகக் கடைகளில் கேட்டால் கிடைக்கக்கூடும். ஆனால் வரிசை முக்கியம்: முதலில் ஆர்டிஓ-விடம் எழுத்தில் அனுமதி, அப்புறம் பொருத்துவது, பொருத்திய 14 நாளுக்குள் ஆர்சியோடு தகவல் கொடுப்பது. விற்றவரின் பில், அந்த எஞ்சின் வந்த வண்டியின் ஆர்சி நகல், அந்த ஆர்சி ரத்தானதற்கான ஆதாரம் எல்லாம் கையில் இருக்கவேண்டும். இப்போது வண்டியில் இருக்கும் பொலிரோ எஞ்சினுக்கு இதில் ஒன்றாவது உங்களிடம் இருக்கிறதா? கேள்வியில் ஒன்றும் காணோம். அது திருட்டு வண்டியின் எஞ்சினாக இருந்து தொலைத்தால் அபராதத்தோடு முடியாது. பில் இல்லையென்றால் விற்றவரிடம் இன்றைக்கே கேட்டு வாங்குங்கள்.

அந்த ஏஜென்ட் பேச்சை இந்த இடத்தோடு மறந்துவிடுங்கள். இதுவரை உங்கள் மீது இருப்பது போக்குவரத்துக் குற்றம், பணம் கட்டி இணக்கமாகத் தீர்க்கக்கூடியது. நம்பரைத் தேய்த்து அடித்த நிமிடத்தில் அது மோசடி வழக்கு ஆகிவிடும். ஏஜென்ட் காணாமல் போய்விடுவார், ஜீப் உங்கள் வீட்டு வாசலில்தான் நிற்கும்.

மற்ற வேலைகளைப் பார்ப்போம். முன்னால் போட்ட இரும்பு கார்டைக் கழற்றிவிடுங்கள். 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இதற்காகவே எல்லா மாநிலங்களுக்கும் கடிதம் எழுதி நடவடிக்கை எடுக்கச் சொன்னது. நடந்து போகிறவர் மேல் மோதினால் அந்தக் கம்பி என்ன செய்யும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. கார்டு போனால் அதில் கட்டிய வின்ச்சும் இறங்கிவிடும். கூரை எல்இடி பாரையும் கழற்றுங்கள். முன்பக்க ஸ்பாட் லைட்டை மத்திய மோட்டார் வாகன விதி 111 தடுக்கிறது. விதிவிலக்காகப் போடுவதென்றால் பதிவு அதிகாரியின் முன்அனுமதி வேண்டும்.

பெயின்ட் விஷயத்தில் பலருக்கும் தெரியாத ஒன்று: மத்திய மோட்டார் வாகன விதி 121-ன்படி ஆலிவ் பச்சை நிறம் ராணுவத் துறை வண்டிக்கு மட்டும்தான். பழைய ஜீப் என்றாலே அந்தப் பச்சை அடித்தால்தான் களை என்று நம்மூரில் ஒரு பித்து இருக்கிறது. ராணுவ ஏலத்தில் எடுத்த ஜீப்புக்கும் அந்தப் பச்சை தொடரக் கூடாது. ஆர்சியில் என்ன நிறம் இருக்கிறதோ அதற்கே திரும்புங்கள். வேறு நிறம்தான் வேண்டும் என்றால் முன்அனுமதி வாங்கி ஆர்சியில் ஏற்றுங்கள்.

பட்டையை ஆக்ஸிலுக்கு மேலே ஏற்றியதுதான் எனக்கு எஞ்சினுக்கு அடுத்தபடியாக உறுத்துகிறது. சட்டக் கண்ணோடு பார்த்தால் இது அடிப்படை அம்ச மாற்றம் என்று வாதிட இன்ஸ்பெக்டருக்கு நல்ல இடம் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், ஜாக்கி வைத்து ஃபிரேமைத் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டுப் பாருங்கள்: பழைய பிரேக் ஹோஸ் விறைத்து நின்றால், பள்ளத்தில் இறங்கும்போது அது பிய்ந்துகொள்ளும். உயரம் கூடிய ஜீப் வளைவில் சாய்வதும் கூடும். கம்பெனி கொடுத்த நிலைக்கே இறக்கிவிடுங்கள். டயர் விஷயத்தில் உங்கள் ஆசை முழுக்க வீணாகாது. கம்பெனி அளவான 6.00-16-லேயே ராணுவ ஜீப்புகளுக்குப் போடும் கட்டைப் பொத்தான் டயர் கிடைக்கும். சேற்றுக்கு அது போதும், ஆர்சியில் வம்பும் இல்லை. நாலு சக்கர இழுவை கியரைச் சரிசெய்வது, சரியான இழுவைக் கொக்கி மாட்டுவது, கீழே கல் படும் இடத்தில் தகடு அடிப்பது, இவற்றுக்கு எந்த அதிகாரியும் ஆர்சியைத் திறந்து பார்க்கப் போவதில்லை. மலைக்குப் போகிற பழைய ஜீப்புக்கு உண்மையில் தேவையும் இவ்வளவுதான்.

சலான் எதற்கெதற்கு என்று அதிலேயே இருக்கும், வரி வரியாகப் படியுங்கள். ஒரு மாற்றத்துக்கு 5,000 என்பதால், லைட்டையும் பெயின்ட்டையும்கூட 182ஏ-யில் சேர்த்து எண்ணியிருந்தால் அந்த அளவுக்கு எதிர்க்கலாம். அவை வேறு விதிகளின் மீறல், பொதுவான பிரிவு 177-ல் முதல் தடவை 500 ரூபாய்தான். எஞ்சினுக்குப் போட்டது என்றால் கட்டிவிடுங்கள். சலானைக் கிடப்பில் போட்டால் புதுப்பிப்பு விண்ணப்பமும் நகராது.

1996 வண்டிக்கு 2011, 2016, 2021 என்று முடிந்து இப்போது அடுத்த ஐந்தாண்டுப் புதுப்பிப்பு. பதினைந்து வருஷ வண்டியை ஓட்டவே கூடாது என்று யாராவது பயமுறுத்தினால், அது டெல்லியும் அதைச் சுற்றிய பகுதியும் சம்பந்தப்பட்ட விஷயம். இங்கே தகுதியிருந்தால் புதுப்பிக்கலாம். 20 ஆண்டு தாண்டிய ஜீப்புக்கான கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் ஆனது. படிவம் 25-ஐக் காலாவதிக்கு 60 நாள் முன்பிருந்தே கொடுக்கலாம்.

இன்சூரன்ஸ் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்களிடம் இருப்பது தேர்டு பார்ட்டி மட்டும்தான் என்றால், அடிபட்டவருக்குக் கம்பெனி கொடுக்க வேண்டியிருக்கும். முக்கியமான விவரத்தை மறைத்தீர்கள் என்று நிரூபித்தால், கொடுத்த பணத்தை உரிமையாளரிடம், அதாவது அப்பாவிடம், திரும்பக் கேட்கும். சொந்தச் சேதத்துக்கும் பாலிசி இருந்தால், சேர்த்த மின்சாதனங்களுக்கு மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம் கட்டிப் பாலிசியில் ஏற்றியிருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தச் சாதனத்துக்குக் காசு வராது. பாலிசியிலும் எஞ்சின் நம்பர் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள்.

கடைசியாகக் காடு. மலை நம்பி கோயில் இருப்பது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள். களக்காடும் முண்டந்துறையும் தனித்தனிச் சரணாலயங்களாக இருந்து 1988-ல் காப்பகம் ஆனவை. திருக்குறுங்குடியிலிருந்து வாடகை ஜீப்புகள் மேலே போகின்றன என்பதற்காக உங்கள் ஜீப்பும் போகலாம் என்று அர்த்தமில்லை. செக்போஸ்டில் கேட்டு, அனுமதித்தால் போங்கள். பாதையை விட்டு இறங்கி ஓடைக்குள் ஓட்டினால் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும். 2022 திருத்தத்துக்குப் பிறகு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், வண்டியும் பறிமுதல். பறிமுதலான வண்டியை மாஜிஸ்திரேட் இடைக்காலமாக விடுவிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2008-ல் சொல்லியிருக்கிறது. ஆனால் எஞ்சின் நம்பரே ஒத்துப்போகாத ஜீப்பை உங்களுடையது என்று எப்படி நிரூபிப்பீர்கள்? குதிரைமொழித் தேரியும் காப்புக்காடுதான், அங்கே செம்மணலில் வண்டி விடுவது பற்றி நினைக்க வேண்டாம். காய்ந்த குளத்து உள்வாயும் கரையும் அரசு நிலம். கரை உடைந்தால் ஊரே உங்கள் வீட்டு வாசலில் நிற்கும். நிலத்துக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிய தரிசு நிலம்தான் உங்களுக்குச் சரியான இடம்.

எஞ்சினை இறக்கி ஏற்றியதும் வண்டியைத் திரும்பவும் ஆர்டிஓ ஆபீசில் காட்டுங்கள். அப்போதும் மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். வாய்மொழி மறுப்புக்கு அப்பீல் கிடையாது. எழுத்தில் வந்த உத்தரவு கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பிரிவு 57-ல் மேல்முறையீடு போடலாம். அந்தக் காகிதத்தோடும் சலான் நகலோடும், அப்பாவிடம் வக்காலத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டும் வாருங்கள்.