முதல் படியில்தான் வழுக்குகிறது

அன்புள்ள அம்மா,

நீங்கள் வேலை கற்றுக்கொடுத்த பையனே மூன்று வருடத்தில் உங்களுக்கு மேலாளராக வந்து உட்கார்ந்ததை எழுதியிருந்தீர்கள். அந்த வலியோடுதான் மகளுக்காகவும் கேட்கிறீர்கள்: “எப்படியும் பெண்களை மேலே விடப்போவதில்லை, பொறுப்பு அதிகமில்லாத வேலையாகப் பார்த்துப் போகச் சொல்லட்டுமா?” சொல்லாதீர்கள். உங்கள் பயம் நியாயமானது. ஆனால் யாரோ பின்னால் போடக்கூடிய முட்டுக்கட்டையை இன்றைக்கே நம் கையால் போட வேண்டாம்.

தலைமை என்றதும் எல்லோரும் உச்சிப் பதவியைத்தான் அண்ணாந்து பார்க்கிறார்கள். பெண்களை உச்சிக்குப் போக விடாத, கண்ணுக்குத் தெரியாத தடையைச் சொல்லும் ‘கண்ணாடிக் கூரை’ என்ற பேச்சும் அதைப் பற்றியதே. வழுக்குவது அதற்கு வெகு கீழே, முதல் படியில். அமெரிக்க நிறுவனங்களைப் பற்றி மெக்கின்ஸி ஆலோசனை நிறுவனமும் பெண்களுக்கான லீன்இன் அமைப்பும் 2024-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, முதல்நிலை மேலாளராக 100 ஆண்கள் உயர்த்தப்பட்டபோது 81 பெண்களே உயர்த்தப்பட்டார்கள். முதல் படியில் ஆள் குறைந்துபோனால் பத்தாவது படிக்கு யார் வருவார்கள்?

இது எப்படி நடக்கிறது என்பதை என் பயிற்சி வகுப்பிலேயே பார்க்கிறேன். மேசையைச் சுற்றி ஆறு மாணவர்கள். “யார் குறிப்பெடுக்கிறீர்கள்?” என்று கேட்பேன். கொஞ்ச நேரம் யாரும் பேச மாட்டார்கள். ஒருவர் பேனாவைச் சுழற்றுவார், ஒருவர் ஜன்னலைப் பார்ப்பார். பிறகு ஒரு பெண் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள். அதன்பின் அவள் தலை குனிந்தே இருக்கும். விவாதத்தை வேறொருவர் நடத்துவார்.

லிண்டா பாப்காக் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2017-இல் இதையே சோதனையாக வெளியிட்டார்கள். மூன்று பேர் கொண்ட குழு. இரண்டு நிமிடத்துக்குள் யாராவது ஒருவர் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்துகிறவருக்கு 1.25 டாலர், மற்ற இருவருக்கும் தலா 2 டாலர். யாருமே அழுத்தாவிட்டால் ஆளுக்கு 1 டாலர்தான். ஆணும் பெண்ணும் கலந்த குழுக்களில், ஆண்களைவிடப் பெண்கள் 48 சதவீதம் அதிகமாக முன்வந்தார்கள். ஆண்கள் மட்டுமே இருந்த குழுக்களிலும், வேறு வழியில்லாததால், பெரும்பாலும் யாராவது அழுத்தத்தான் செய்தார்கள். ஆக, இது பெண்ணின் சுபாவம் அல்ல. ‘அவள் செய்துவிடுவாள்’ என்று கூட இருப்பவர்கள் காத்திருப்பது.

அலுவலகத்தில் இதே கதை கூட்டக் குறிப்பு, வழியனுப்பு விழா ஏற்பாடு, புதியவர்களுக்குப் பயிற்சி என்று நீளும். எல்லாம் தேவையான வேலைகள். பதவி உயர்வு பேசும் நாளில் கணக்கில் வராதவை. அந்தப் பையனுக்கு நீங்கள் சொல்லிக்கொடுத்த மாதங்களும் அப்படித்தான் காணாமல் போயிருக்கும்.

‘முடியாது என்று சொல்லிவிடு’ என மகளிடம் சொல்லி அனுப்பினால் மட்டும் போதாது. உதவ மறுக்கும் ஆணைவிட உதவ மறுக்கும் பெண்ணுக்கே மதிப்பீடு குறைகிறது என்று மேடலின் ஹெய்ல்மன், ஜூலி சென் என்ற ஆய்வாளர்கள் 2005-லேயே காட்டியிருக்கிறார்கள். அதனால் நான் பழக்கிவிடும் பதில் வேறு: “இந்த வாரம் நான் எழுதுகிறேன். அடுத்த வாரத்திலிருந்து முறை வைத்துக்கொள்வோமா?” எல்லோர் முன்னிலையிலும், சாதாரணக் குரலில் சொல்ல வேண்டும். இதைச் சொல்லிப் பார்க்கச் சொன்னால் பல மாணவிகளுக்கு முதல்முறை குரலே எழும்புவதில்லை. வீட்டில் நீங்கள் எதிரே உட்கார்ந்து நாலைந்து தடவை சொல்ல வையுங்கள்.

நேர்காணலில் அவள் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு: “இந்தக் குழுவில் கடைசியாகப் பதவி உயர்வு பெற்றவர் என்ன வேலையைச் செய்து அதைப் பெற்றார்?” தெளிவான பதில் வந்தால் எழுதி வைத்துக்கொள்ளட்டும். மழுப்பினால், சம்பளம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இரண்டாவது வாய்ப்பையும் கையில் வைத்துக்கொள்ளட்டும்.

‘கறாராகப் பேசுகிறாள்’ என்று அவளைப் பற்றிச் சொல்வார்கள். அதற்காக உடனே குரலைத் தணித்துக்கொள்ள வேண்டாம். எந்தக் கூட்டத்தில், எந்த வார்த்தை என்று கேட்கட்டும்.

அவளுடைய பயோடேட்டாவை எனக்கு அனுப்பி வையுங்கள். கல்லூரி ப்ராஜெக்டில் ‘உதவினேன்’ என்று எழுதியிருக்கும் இடங்களை அதற்கு முன் அவளே ஒருமுறை பார்க்கட்டும். அதில் எவற்றை அவள் நடத்தினாளோ, அங்கே ‘நடத்தினேன்’ என்று மாற்றச் சொல்லுங்கள்.