இரண்டு வருடத்தில் தமாக்சிஃபென் மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு வயது 44. இரண்டு வருடத்துக்கு முன் இடது மார்பில் கட்டி வந்து ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்தது. ‘ஈ.ஆர். பாசிட்டிவ்’ என்று சொல்லி, தமாக்சிஃபென் 20 மி.கி. மாத்திரையை 5 வருடம் தினமும் போடச் சொன்னார்கள். உடம்பு திடீர் திடீரென்று கொதிக்கிறது; ராத்திரி வியர்த்துக் கொட்டித் தூக்கம் கெடுகிறது. இந்த மாத்திரையால் கர்ப்பப்பையில் புற்றுநோய் வரும் என்று நாத்தனார் வேறு பயமுறுத்துகிறார். செக்கப்பில் எல்லாம் நார்மல். மூன்று வாரமாக மாத்திரை போடவில்லை. அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிடாதீர்கள், சகோதரி. உங்கள் சிரமம் புரிகிறது. ஆனால் விடாமல் போட்டால்தான் முழுப் பலன்; இந்த மாத்திரை வேலை செய்யும் விதம் அப்படி.

உங்கள் கட்டியின் செல்களில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் வந்து ஒட்டும் ஏற்பிகள் இருந்தன; அதைத்தான் ‘ஈ.ஆர். பாசிட்டிவ்’ என்கிறார்கள். ஹார்மோன் ஒட்டினால் செல் பெருகும். தமாக்சிஃபென் முந்திக்கொண்டு அந்த இடத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறது. பெரும்பாலும் அது செல்லைத் தடுத்து நிறுத்துகிறதே தவிர, கீமோ மாதிரி அடித்துக் கொல்வதில்லை. 1970-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஒரு மார்பகப் புற்றுநோயாளியின் நுரையீரலைச் சுற்றிச் சேர்ந்த நீரிலிருந்து எடுத்து வளர்த்த எம்.சி.எஃப்-7 என்ற புற்றுநோய் செல்களில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். செல்களை வளர்க்கும் ஆய்வகத் தட்டில் தமாக்சிஃபென் சேர்த்தால் வளர்ச்சி நிற்கும். ஈஸ்ட்ரோஜனைப் போதிய அளவு ஊற்றினால் அதே செல்கள் மறுபடி பெருகத் தொடங்கும்.

1970களில் கிரெய்க் ஜோர்டான் என்ற விஞ்ஞானி, புற்றுநோய் உண்டாக்கும் ரசாயனம் கொடுத்த எலிகளிடம் இந்த மருந்தைச் சோதித்தார். கொஞ்ச நாள் கொடுத்து நிறுத்தியபோது கட்டி தள்ளிப்போனது, அவ்வளவுதான், பிறகு வந்தது. விடாமல் கொடுத்த எலிகளில் பெரும்பாலானவற்றுக்குக் கட்டியே வரவில்லை. முதலில் ஓரிரு வருடம் கொடுத்துவந்த மருந்து 5 வருடமானதற்குப் பின்னால் இந்த எலிகளும் இருக்கின்றன. பின்னர் பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வுகளும் அதையே சொல்லின: ஈ.ஆர். பாசிட்டிவ் நோயில் 5 வருடம் போட்டால், 15 வருடக் கணக்கில் மார்பகப் புற்றுநோய் மரணம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. செக்கப் நார்மலாக இருப்பது மிக நல்ல செய்தி. ஆனால் இந்த வகை நோய் பல வருடம் கழித்தும் திரும்பக்கூடியது. ஸ்கேனில் தெரியாத சில செல்களுக்காகத்தான் மாத்திரை.

நாத்தனார் சொன்னது முழுக்கப் பொய்யில்லை. மார்பில் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் இதே மருந்து, கர்ப்பப்பையில் ஈஸ்ட்ரோஜன் போலவே நடந்துகொள்ளும். 1988-ல் ஒரே சுண்டெலியின் உடம்பில் இரண்டு வகைக் கட்டிகளையும் வைத்து, தமாக்சிஃபென் கொடுத்துப் பார்த்தபோது, மார்பகக் கட்டி அடங்கியது, கர்ப்பப்பைக் கட்டி வளர்ந்தது. ஆனால் அந்த ஆபத்து பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பெண்களுக்குத்தான். உங்கள் வயதில் மிகக் குறைவு. இந்த மாத்திரையால் கிடைக்கும் நன்மை அதைவிட எவ்வளவோ பெரியது. வழக்கத்துக்கு மாறான ரத்தப்போக்கு இருந்தால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். ஒரு காலில் மட்டும் வீக்கம், வலி என்றாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள், ரத்தக்கட்டாக இருக்கலாம்.

கொதிப்புக்கும் தூக்கத்துக்கும் வழி இருக்கிறது. ஆனால் நீங்களாகக் கடையில் மாத்திரை வாங்க வேண்டாம். மனச்சோர்வுக்கும் சில சமயம் இந்தக் கொதிப்புக்கும் கொடுக்கும் பராக்செட்டின், ஃபுளூவாக்செட்டின் போன்ற சில மருந்துகள், கல்லீரலில் தமாக்சிஃபென் முழு வீரியம் பெறுவதைக் குறைத்துவிடும். வேறு என்ன மாத்திரை போடுகிறீர்களோ எல்லாவற்றையும் எடுத்துப் போய் உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மூன்று வாரம் விட்டதற்காகக் கலங்க வேண்டாம். நாளைக்கே அவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் முதலில் டெஸ்ட் செய்துவிடுங்கள். இந்த மருந்து கருவுக்கு ஆகாது. விட்ட நாட்களுக்கும் சேர்த்து இரண்டு இரண்டாகப் போட வேண்டாம், தினம் ஒன்றே போதும்.