குடல் அறுவைக்குப் பின் வீட்டில்: வாசகர் கேள்விகள், மருத்துவர் பதில்கள்

கேள்வி: என் கணவருக்கு வயது 51. காப்பித் தோட்டத்தில் மேஸ்திரியாக இருக்கிறார். மலக்குடல் புற்றுநோய்க்கு முதலில் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்து, பிறகு அறுவை செய்து, ஆசனவாயை மூடிவிட்டு, இடப்பக்க வயிற்றில் மலம் வெளியேற வழி வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. மருத்துவமனையில் ஒட்டிய பை நான்கு நாள் நின்றது. இப்போது ஒரு நாள்கூடத் தாங்காமல் கசிகிறது. சுற்றியுள்ள தோல் வெந்ததுபோல் சிவந்திருப்பதால் தேங்காய் எண்ணெயும் மஞ்சளும் தடவி வருகிறேன். அவர் அந்த இடத்தைப் பார்ப்பதே இல்லை. எல்லாவற்றையும் நான்தான் செய்கிறேன். ஆசனவாய் மூடிய பிறகும் மலம் வருவதுபோல் இருக்கிறது என்று கழிப்பறையில் உட்கார்ந்து முக்குகிறார். பழம் பறிக்கும் காலத்துக்குள் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்றும் சொல்கிறார். என்ன செய்வது?
வாசகி, ஏற்காடு

பதில்: தாங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், பை கசிவதற்குக் காரணம் பிளேட்டில், அதாவது தோலில் ஒட்டும் பையின் அடித்தகட்டில், வெட்டும் துளையின் அளவு என்றே தோன்றுகிறது. அறுவை முடிந்த புதிதில் ஸ்டோமா, அதாவது வயிற்றுக்கு வெளியே சிவப்பாகத் தெரியும் குடலின் முனை, வீங்கியிருக்கும். அடுத்த ஆறு முதல் எட்டு வாரங்களில் அது மெல்ல மெல்லச் சுருங்கும். மருத்துவமனையில் காட்டிக்கொடுத்த அளவிலேயே இன்றும் வெட்டினால் துளைக்கும் ஸ்டோமாவுக்கும் நடுவே தோல் தெரியும். அந்தத் தோலில் மலம் பட்டுப் புண்ணாகும். புண்ணில் நீர் கசிவதால் பிளேட் ஒட்டாது. ஒட்டாததால் மறுபடியும் கசியும். பைப் பெட்டியிலேயே வட்டங்கள் வெட்டிய ஓர் அளவு அட்டை இருக்கும். வாரம் ஒருமுறை அதை வைத்துப் பார்த்து, ஸ்டோமாவைவிட 2 அல்லது 3 மில்லிமீட்டர் மட்டுமே பெரிதாகத் துளை வெட்டுங்கள். பத்தில் ஏழெட்டுக் கசிவுகள் இதிலேயே நின்றுவிடும் என்பது என் அனுபவம்.

எண்ணெயையும் மஞ்சளையும் இன்றே நிறுத்திவிடுங்கள். எண்ணெய்ப் பசை உள்ள தோலில் எந்தப் பசையும் பிடிக்காது. டெட்டால், ஸ்பிரிட், முகப்பவுடர் ஆகியவையும் வேண்டாம். வெதுவெதுப்பான வெறும் தண்ணீரில் நனைத்த மென்மையான துணியால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, புண் உள்ள இடத்தில் மட்டும் ஸ்டோமா பவுடரைத் தூவி, மிகுதியைத் தட்டிவிட்டு, பிறகு பிளேட்டை ஒட்டுங்கள். ஏற்காட்டுக் குளிரில் பிளேட் விறைத்திருக்கும். ஒட்டுவதற்கு முன் அக்குளில் சில நிமிடம் வைத்திருந்து, ஒட்டியபின் உள்ளங்கையால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பிடித்தால் பசை இளகிப் படியும். காலையில் எதுவும் உண்பதற்கு முன் மாற்றுவது வசதி. அப்போது குடல் அடங்கியிருக்கும். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய்துவிட வேண்டும். அதற்குமேல் விட்டால் கனமே பிளேட்டைக் கீழே இழுத்துவிடும். இவ்வளவும் செய்து ஒரு வாரத்தில் தோல் ஆறாவிட்டால் ஸ்டோமா செவிலியரிடமோ அறுவை மருத்துவரிடமோ காட்டுங்கள்.

துடைக்கும்போது ஸ்டோமாவில் ஓரிரு சொட்டு இரத்தம் பார்த்துப் பயப்பட வேண்டாம். வாயின் உட்புறம்போல் மெல்லிய சவ்வு அது. அங்கே வலி உணரும் நரம்பு இல்லாததால் தொட்டால் வலிக்காது. இதைத் தங்கள் கணவரிடம் சொல்லுங்கள். பல ஆண்கள் பார்க்க மறுப்பது அருவருப்பால் மட்டுமன்று, தொட்டால் உயிர் போகிற வலி இருக்கும் என்ற அச்சத்தாலும்தான். முதலில் அவர் பையைக் காலி செய்யட்டும். பிறகு கண்ணாடி முன் நின்று பழைய பிளேட்டைக் கழற்றட்டும். எல்லாவற்றையும் மனைவியே செய்வதை அன்பு என்று நம் வீடுகளில் பாராட்டுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தாங்கள் ஒரு நாள் ஊரில் இல்லாவிட்டால் அவர் வாசலைத் தாண்ட மாட்டார்.

மலம் வருவதுபோன்ற உணர்வு பொய்யன்று. மலக்குடலை எடுத்துவிட்டாலும் அதன் செய்தியைக் கொண்டுசென்ற நரம்புகள் மூளையோடு இன்னும் தொடர்பில்தான் இருக்கின்றன. மாதக்கணக்கில் இது நீடிக்கலாம். ஆனால் முக்கக் கூடாது. கரண்ட் வைத்த இடத்துத் தையல் மெதுவாகத்தான் ஆறும், முக்கினால் பிரியலாம். குத்தவைத்து உட்காருவதும் சம்மணமிடுவதும் இப்போதைக்கு வேண்டாம். உட்கார மெத்தென்ற தட்டையான தலையணை போதும். நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணை காயத்தின் இரு ஓரங்களையும் இழுத்துப் பிரிக்கும் என்பதால் அதை வாங்க வேண்டாம்.

வேலையைப் பொறுத்தவரை, அறுவையிலிருந்து எட்டு வாரம் வரை நான்கைந்து கிலோவுக்குமேல் எதையும் தூக்கக் கூடாது. அதற்குப் பிறகு, காயமும் ஆறியிருந்து அறுவை மருத்துவரும் இசைந்தால், மேஸ்திரியாக நின்று மேற்பார்வை பார்க்கலாம். காப்பி மூட்டையில் கை வைப்பது இனி எப்போதும் வேண்டாம். குடலை வெளியே கொண்டுவந்த இடத்தில் வயிற்றுச் சுவர் பலவீனமாக இருப்பதால் அங்கே குடலிறக்கம் ஏற்படலாம். இருமும்போதும் தும்மும்போதும் ஸ்டோமாவின்மேல் கையை வைத்து ஆதரவு கொடுக்க வேண்டும்.

இன்னொன்று, மலையில் இருப்பவர்களுக்காக. சேலம் நகரம் ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்திலும் ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்திலும் இருப்பதால், பரிசோதனை முடிந்து பேருந்தில் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வீடு சேர்வதற்குள் பைக்குள் அடைந்திருக்கும் காற்று ஆறில் ஒரு பங்கு விரிந்துவிடும். கீழே புறப்படும் முன்பே பையைக் காலி செய்து காற்றையும் வெளியேற்றிவிட்டால் வழியில் சங்கடம் இராது.

ஸ்டோமா கருநீலமாகவோ கறுப்பாகவோ மாறினாலும், மலமும் காற்றும் நின்று வயிறு உப்பி வாந்தி வந்தாலும், உள்ளிருந்து இரத்தம் கொட்டினாலும், காய்ச்சலோடு ஆசனவாயை மூடிய காயத்தில் சீழ் வந்தாலும், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழைத்து, இரவானாலும் சேலத்தில் அறுவைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு இறங்கிவிடுங்கள்.

கேள்வி: எனக்கும் இதே அறுவைதான், முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. கீமோவும் முடிந்துவிட்டது. குழித்தறியில் பட்டு நெய்பவன் நான். துணி சுருட்டும் மரம் சரியாகப் பை இருக்கும் இடத்தில் வந்து இடிக்கிறது. தொழிலை விட்டுவிட வேண்டியதுதானா?
வாசகர், அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: விட வேண்டாம், ஆனால் இருக்கும் தறியில் அப்படியே உட்காரவும் வேண்டாம். வலி இல்லாத உறுப்பு என்று மேலே சொன்னேன் அல்லவா, தங்களுக்கு அதுவே ஆபத்து. மரம் நாள் முழுவதும் அழுத்தி ஸ்டோமா நசுங்கினாலும் தங்களுக்குத் தெரியாது. ஆகவே இருக்கையைச் சற்று உயர்த்தியும் பின்னுக்குத் தள்ளியும் அமைத்து, மரத்துக்கும் வயிற்றுக்கும் இடையே ஒரு கை நுழையும் இடைவெளி விடுங்கள். பையைக் கீழ்நோக்கித் தொங்கவிடாமல் இடுப்புப் பக்கமாகச் சாய்த்து ஒட்டினால் உட்காரும்போது மடியாது. முதல் சில வாரங்கள் தார் சுற்றும் (ஊடைநூலைக் குச்சியில் சுற்றும்) வேலையோடு நிறுத்திக்கொண்டு, பிறகு அரை நாள் தறியில் இறங்குங்கள். மாலையில் ஸ்டோமாவில் வெளிறிய தடமோ காயமோ இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள்.

பெருங்குடலின் கடைசிப் பகுதியில் வைத்த வழியாக இருந்தால், தினமும் ஒரே நேரத்தில் ஸ்டோமா வழியாக வெதுவெதுப்பான நீர் செலுத்திக் குடலைக் கழுவும் முறை ஒன்று உண்டு. அது பழகிவிட்டால் வேலை நேரம் முழுவதும் பையில் அநேகமாக ஒன்றும் சேராது. கரண்ட் வைத்ததால் குடல் பாதிக்கப்பட்டவர்களுக்கும் குடலிறக்கம் உள்ளவர்களுக்கும் அது பொருந்தாது; அறுவை மருத்துவர் சம்மதித்து, செவிலியர் நேரில் கற்றுக்கொடுத்த பிறகே செய்ய வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் வியர்வையால் பிளேட் சீக்கிரம் இளகும் என்பதால் ஒரு நாள் முன்னதாகவே மாற்றுங்கள்; மிச்சப் பைகளை ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் வைக்க வேண்டாம்.

கேள்வி: என் அம்மா பை வைத்ததிலிருந்து அரிசிக் கஞ்சியும் ஜவ்வரிசிக் கஞ்சியும் தவிர எதையும் தொடுவதில்லை. இப்போது மலம் இறுகிவிட்டது. தட்டுவடை செட் கேட்கிறார், கொடுக்கலாமா?
வாசகர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: அரிசி, ஜவ்வரிசி, வாழைப்பழம் மூன்றும் மலத்தை இறுக்குபவை, வயிற்றுப்போக்கு வந்தால் கொடுக்க வேண்டியதை அன்றாட உணவாக்கியிருக்கிறீர்கள். தண்ணீரைக் கூட்டி, பப்பாளி, வெந்த கீரை, பருப்பு என்று ஒவ்வொன்றாக, சிறிய அளவில், இரண்டு நாளுக்கு ஒரு புதிய பொருள் என்ற கணக்கில் சேருங்கள். எது ஒத்துவரவில்லை என்பது அப்போதுதான் தெரியும். வெங்காயம், முட்டைக்கோஸ், முள்ளங்கி, சோடா ஆகியவை காற்றைக் கூட்டும். முட்டையும் மீனும் வாடையைக் கூட்டும். தடை என்று எதுவும் இல்லை. தட்டுவடை செட்டில் உள்ள பச்சை பீட்ரூட், கேரட், வெங்காயம் ஆகியவை அறுவைக்குப் பிந்தைய முதல் இரண்டு மாதங்களுக்கு ஆகா. அதற்குப் பிறகு ஒன்று, நன்றாக மென்று தின்னச் சொல்லிக் கொடுங்கள். மறுநாள் பையில் சிவப்பாகத் தெரிந்தால் அது பீட்ரூட்டின் நிறமாக இருக்கும். பீட்ரூட் சாப்பிடாத நாளிலும் அப்படித் தெரிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.