ஷஃபிள்பாட்டம் என்றால் என்ன?

கேள்வி: இங்கிலாந்தில் ‘ஷஃபிள்பாட்டம்’ என்று ஒரு குடும்பப் பெயர் இருக்கிறதாமே! ‘பின்பக்கத்தை ஆட்டி நடப்பவர்’ என்று பொருளா? பெயர் வைக்கத் தெரியாதவர்களா நம்மை ஆண்டார்கள்?
– ஒரு வாசகர், தென்காசி

பதில்: ஆண்டவர்கள் மீதுள்ள கோபத்தை ஆடு மேய்த்தவர்கள் மீது காட்டாதீர்கள். அந்தப் பெயர் ஆட்டிடையர்களின் பள்ளத்தாக்கிலிருந்து வந்தது.

பழைய ஆங்கிலத்தில் ‘பாட்டம்’ என்றால் பள்ளத்தாக்கின் அடித்தளம். உடலின் பின்பக்கத்தைக் குறிக்கும் பொருள் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் அதில் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்பே பெயர் பிறந்துவிட்டது. அன்றைய லங்காஷயர் மாவட்டத்தில் பரி நகரை அடுத்த ஷிப்பர்பாட்டம் என்ற இடத்தின் பெயர்தான் மருவி ஷஃபிள்பாட்டம் ஆயிற்று. ‘ஆடு கழுவும் ஓடை ஓடுகிற பள்ளத்தாக்கு’ என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள் பெயராய்வாளர்கள்.

ஆட்டை எதற்குக் கழுவ வேண்டும்? ரோமம் கத்தரிப்பதற்குச் சில நாள் முன்பு ஓடையைத் தேக்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி ஆடுகளை ஒவ்வொன்றாக இழுத்துச் சேறும் பிசுக்கும் போகத் தேய்ப்பார்கள். கழுவிய கம்பளிக்குக் கூடுதல் விலை கிடைத்தது. எழுத்தர்கள் காதில் விழுந்தபடி பெயரை எழுதியதில் ஆடு தொலைந்து ‘ஷஃபிள்’ மிஞ்சியது.

கிரிக்கெட் பார்ப்பவரென்றால் இரண்டு டெஸ்ட் வீரர்களைத் தெரிந்திருக்கும். ரயன் சைட்பாட்டத்தின் குடும்பப் பெயருக்கு ‘அகன்ற பள்ளத்தாக்கு’ என்று பொருள். இயான் போத்தமின் பெயருக்கும் அதே ‘பாட்டம்’தான் வேர்ச்சொல். ரயில் என்ஜின் கொதிகலன் வெடிக்காமல் காத்த பாதுகாப்பு வால்வை 19ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய பொறியாளர் ஜான் ராம்ஸ்பாட்டம். அந்தப் பெயரில் ஊரே இருக்கிறது, இர்வெல் ஆற்றங்கரையில். ‘காட்டுப்பூண்டு முளைக்கும் பள்ளத்தாக்கு’ என்றும் ‘செம்மறிக்கடா மேயும் பள்ளத்தாக்கு’ என்றும் அதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. எனக்குப் பிடித்தது பூண்டுதான்.

பழந்தமிழில் ‘நாற்றம்’ என்றால் நறுமணம். அதை ஒருவர் இன்றைய பொருளில் படித்துவிட்டுத் தமிழர்களைக் கேலி செய்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? சைட்பாட்டம் என்ற பெயரையே ‘சைட்போத்தம்’ என்று எழுதும் குடும்பங்களும் உண்டு.