காரை எவ்வளவு இறக்கலாம்? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 2014 டொயோட்டா விட்ஸ் வைத்திருக்கிறேன். தினமும் நுவரெலியாவுக்கு வேலைக்குப் போய் வருகிறேன். வீடு தோட்டத்துக்குள், பிரதான றோட்டிலிருந்து அரைக் கிலோமீற்றர் உள்ளே. உயரம் மாற்றக்கூடிய கொயிலோவர் (ஸ்பிரிங்கும் ஷொக் அப்சோர்பரும் சேர்ந்த) செட் பூட்டி 50 மில்லிமீற்றர் இறக்க ஆசை. நம் பக்கத்து றோட்டுக்குத் தாங்குமா?
– வாசகர், தலவாக்கலை

பதில்: 50 வேண்டாம். முன்னால் 20, பின்னால் 15. நீங்கள் ஓடும் பாதைக்கு இதற்கு மேல் போகாதீர்கள். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையில் எத்தனை விரல் நுழைகிறது என்று பார்த்து உயரம் வைப்பதுதான் பலரும் செய்கிற தவறு. பார்க்க வேண்டியது ஷொக்கின் தண்டுக்கு உள்ளே போக இன்னும் எவ்வளவு இடம் மிச்சம் என்பதை.

கணக்கு இலேசானது. ஸ்பிரிங்கில் 5 கே என்று அடித்திருந்தால் 5 கிலோ பாரத்துக்கு 1 மி.மீ. அமுங்கும். முன் சக்கரம் ஒன்றின் மேல் 250 கிலோ என்று வைத்துக்கொண்டால், கார் சும்மா நிற்கும்போதே ஸ்பிரிங் 50 மி.மீ. அமுங்கியிருக்கும். தண்டின் முழு ஓட்டம் 110 என்றால் மிச்சம் 60. அதில் தண்டு முட்டாமல் தடுக்கும் பம்ப் ஸ்டொப் ரப்பர் 30ஐப் பிடித்துக்கொண்டால் குழி மேட்டுக்கு உங்களிடம் இருப்பது 30தான். ஸ்பிரிங் தட்டை மட்டும் கீழே இறக்குகிற மலிவான வகையில், வண்டியை 20 இறக்கினால் அந்த 30 வெறும் 10 ஆகிவிடும். நாலு பேர் ஏறி, ஹேர்பின் வளைவில் பிரேக் பிடித்துத் திரும்பினால் ரப்பரில் போய் இடிக்கும். இடித்த அந்தக் கணத்தில் ஸ்பிரிங் இல்லாத வண்டி மாதிரிதான். நனைந்த றோட்டில் முன் டயர் பிடி விட்டுவிடும்.

ஆகவே கீழ் பிராக்கட்டும் மரை போட்டுச் சுழலும் வகையை வாங்குங்கள். அதில் ஸ்பிரிங்கை ஒரு தடவை சரிப்படுத்திவிட்டு, உயரத்தைக் கீழ் பிராக்கட்டால் மாற்றலாம். ஷொக்கின் ஓட்டம் குறையாது. ஆனால் ஓட்டம் குறையவில்லை என்பதற்காக 50 இறக்கலாம் என்றில்லை. சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ் ஆர்ம் படுகிடையைத் தாண்டி மேல்நோக்கிச் சாய்ந்தால் வளைவில் வண்டியின் உடம்பு முன்பைவிடக் கூடுதலாகச் சரியும். ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ரொட்டின் கோணமும் மாறுவதால், ஒரு சக்கரம் குழியில் விழும்போது ஸ்டியரிங் தானாக இழுக்கும்.

அடுத்தது தோட்டத்துப் பாதை. இரண்டு தடம் கொங்கிறீட், நடுவில் கல்லும் புல்லுமாக மேடு என்றால் அதை அளந்து பாருங்கள். இரு தடத்திலும் ஒரே உயரச் செங்கல் வைத்து, மேலே நேரான பலகை போடுங்கள். பலகைக்கும் மேட்டுக்கும் உள்ள இடைவெளியைச் செங்கல் உயரத்திலிருந்து கழித்தால் மேட்டின் உயரம் வரும். நாலு பேரை ஏற்றி, காரின் அடியில் ஆகக் கீழே தொங்கும் இடத்தை அளவுங்கள். இறக்கிய பிறகும் மேட்டுக்கு மேல் 40 மி.மீ.யாவது மிஞ்ச வேண்டும். அடிபட்டால் பாய்வது எஞ்சின் ஒயிலோ கியர் ஒயிலோதான். குறுக்குக் கான் இருந்தால் நேராகப் போகாமல் சற்றுச் சாய்வாக ஏறுங்கள்.

பூட்டும் முறை. பூட்டுவதற்கு முன் சமதரையில் நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து எழுதுங்கள். ஜெக்கை மட்டும் நம்பிக் காரடியில் போகாதீர்கள், ஸ்டான்ட் வையுங்கள். பிரேக் ஹோஸ் கிளிப்பையும் ஏபிஎஸ் வயரையும் முதலில் விடுவித்து, பிறகு ஸ்டெபிலைசர் லிங்க் நட், நக்கிள் (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) போல்ட் இரண்டு, கடைசியாகப் பொனெட்டுக்குக் கீழேயுள்ள மேல் நட்டுகள் என்று கழற்றுங்கள். மேலே நடு நட்டைத் தொடவே கூடாது. ஸ்பிரிங் அதன் பிடியில்தான் அமுங்கி நிற்கிறது. அதைக் கழற்றினால் தெறிக்கும், ஆளைக் கொன்றுவிடும். பழைய ஸ்ட்ரட்டை (ஸ்பிரிங்கும் ஷொக்கும் சேர்ந்த கூட்டை) பிரிக்க வேண்டுமானால் ஸ்பிரிங் கம்பிரசரோடு கராஜில் கொடுங்கள்.

விட்ஸின் பின்பக்கம் ஸ்பிரிங் வேறு, ஷொக் வேறு. அங்கே உயரத்தை மாற்றுவது ஸ்பிரிங் தட்டுத்தான். ஷொக்கின் நீளத்தையும் அதற்கேற்பக் குறைக்காமல் விட்டால், சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து இடம் மாறும்.

பலரும் விடுவது ஒன்று: ஆர்ம் புஷ் (ஆர்மின் மூட்டு ரப்பர்) போல்ட், பின் சக்கரம் இரண்டையும் இணைக்கும் பீமின் போல்ட் எதையாவது தளர்த்தியிருந்தால், சக்கரம் தரையில் நின்று பாரம் ஏறிய பிறகே முறுக்க வேண்டும். தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் முறுகியபடியே இருந்து சில மாதத்தில் கிழிந்துவிடும். வீல் நட்டுக்கு 103 நியூட்டன் மீற்றர்.

கீழே இறக்கியவுடன் அளக்காதீர்கள். டயர் பக்கவாட்டில் இறுகி வண்டியை உயர்த்திப் பிடித்திருக்கும். சில மீற்றர் முன்னும் பின்னும் உருட்டிவிட்டு அளவுங்கள். மரையின் இடைவெளி 2 மி.மீ. என்றால் ஒரு முழுச் சுற்றுக்கு முன்பக்கம் ஏறத்தாழ 2 மி.மீ. மாறும். இடமும் வலமும் ஒத்துவந்ததும் பூட்டு வளையத்தை இறுக்கி, பெயின்ட் பேனாவால் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். வளையம் நகர்ந்தால் கோடு உடைந்து காட்டிவிடும். தண்டில் ஒரு கேபிள் டை கட்டி, வழமையான பாதையில் ஒரு நாள் ஓடிப் பாருங்கள். டை எதுவரை தள்ளப்பட்டதோ அதுவரை ஷொக் போயிருக்கிறது. பம்ப் ஸ்டொப்பை ஆழமாக நசுக்கியிருந்தால் ஸ்பிரிங் தட்டை 5 மி.மீ. ஏற்றுங்கள். காசு கொடுத்து உயரம் மாற்றக்கூடிய செட்டை வாங்குவதே அப்படி ஏற்றிக்கொள்ளத்தான்.

பிறகு வீல் அலைன்மென்ட், ஹெட்லைட் உயரம் இரண்டும் கட்டாயம். காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். மாற்றம் அனுமதிக்குட்பட்டதா என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் செலவழிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: கொயிலோவருக்குப் பணமில்லை. இருக்கிற ஸ்பிரிங்கில் ஒரு சுற்று வெட்டினால் போதும் என்கிறார் கராஜ் பாஸ். செய்யலாமா?
– வாசகர், மஸ்கெலியா

பதில்: செய்யாதீர்கள். வெட்டிய நுனி தட்டில் ஒழுங்காக உட்காராது. நீளம் குறைந்த ஸ்பிரிங் சக்கரம் தொங்கும்போது தளர்ந்து, திரும்ப உட்காரும்போது கோணலாகிவிடும். காஸ் டோர்ச்சால் வெட்டினால் சூடேறிய இடத்தில் இரும்பின் குணமே கெட்டு அங்கேயே ஒடியும். பணம் சேரும்வரை பழைய உயரத்திலேயே ஓடுங்கள்.

கேள்வி: ஆறு மாதத்துக்கு முன் இறக்கினேன். முன் டயர் இரண்டிலும் உட்பக்கம் மட்டும் தேய்ந்து நூல் தெரிகிறது. வெளிப்பக்கம் புதிது போல இருக்கிறது. கேம்பரா காரணம்?
– வாசகர், பண்டாரவளை

பதில்: நூல் தெரியும் டயரை இன்றே மாற்றுங்கள். மழையில் அது வெடித்தால் பண்டாரவளை இறக்கத்தில் வண்டியைப் பிடிக்க முடியாது. கேம்பரை, அதாவது சக்கரம் நிமிர்ந்து நிற்காமல் சாயும் கோணத்தை, மட்டும் குற்றம் சொல்ல முடியாது. இறக்கும்போது சக்கரத்தின் மேல்பகுதி உட்பக்கம் சாய்வது உண்மை, ஆனால் இவ்வளவு சீக்கிரம் தேய்ப்பது பெரும்பாலும் டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் நேராக நிற்காமல் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு. உள்ளங்கையால் டயரின் முகத்தைத் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுக்கி, எதிர்த்திசையில் அரம் போலக் கையைப் பிடித்தால் டோவேதான். முதலில் டோவைச் சரிசெய்யுங்கள். கேம்பர் அப்போதும் கூடுதலாக இருந்தால் நக்கிளின் மேல் போல்ட்டுக்குப் பதில் கேம்பர் போல்ட் போடலாம். அதன் பிறகு டோவைத் திரும்பவும் பார்க்க வேண்டும், ஏனென்றால் கேம்பரை மாற்றினால் டோவும் நகரும். உயரத்தை எப்போது தொட்டாலும் அலைன்மென்ட் செலவையும் சேர்த்தே எண்ணுங்கள்.

கேள்வி: பஞ்சிகாவத்தையில் பாவித்த ஜப்பான் செட் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகர், ஹற்றன்

பதில்: பூட்டு வளையங்கள் சுழல்கின்றனவா என்று அங்கேயே கொக்கி ஸ்பானரால் திருப்பிப் பாருங்கள். இறுகிப்போன வளையத்தைச் சுத்தியலால் அடித்து எடுத்தால் மரை போய்விடும். தண்டில் துருப்புள்ளி இருந்தால் சீல் கிழியும், வேண்டாம். ஸ்பிரிங் இல்லாமல் தண்டை அமுக்கினால் முழு ஓட்டத்துக்கும் ஒரே சீரான இறுக்கம் வேண்டும், நடுவில் திடீரென்று லேசானால் ஒயில் குறைந்திருக்கிறது. வாங்கிப் பூட்டிய பின், ஹற்றன் மழைக்கு, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மரையை நைலோன் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, காய்ந்ததும் மெல்லிய கிரீஸ் பூசுங்கள். மண்ணோடு சுழற்றினால் அலுமினிய வளையம் ஒரே தடவையில் கடித்துப் பிடித்துக்கொள்ளும்.