விந்தணு எண்ணிக்கை 9 மில்லியன் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. எனக்குக் குழந்தை பிறக்குமா?

உங்களுக்கு 32 வயது, கல்யாணமாகி இரண்டு வருடம் என்கிறீர்கள். முதல் விந்துப் பரிசோதனையில் ஒரு மில்லிக்கு 9 மில்லியன், அசைவு 24 சதவீதம். ரிப்போர்ட்டை மனைவியிடம் இன்னும் காட்டவில்லை, எப்படிச் சொல்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

வாய்ப்பு உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவர் இல்லை, ஈரோடு பக்கம் பேக்கரி வைத்திருக்கிறேன். 2018-ல் எனக்கு வந்த ரிப்போர்ட்டில் 6 மில்லியன்தான் இருந்தது. அந்தத் தாளை மடித்து பைக் சீட்டுக்கு அடியில் நான்கு நாள் வைத்திருந்தேன்.

அதற்கு முந்தைய மூன்று வருடமும் என் மனைவிதான் ஆஸ்பத்திரி ஏறி இறங்கினாள். "விசேஷம் ஏதும் இல்லையா?" என்று கல்யாண வீட்டிலும் சீர் வீட்டிலும் எல்லோரும் அவளைத்தான் கேட்டார்கள். என்னை ஒருவரும் கேட்டதில்லை. வேண்டாத கோயில் இல்லை, தொட்டில் கட்டாத மரம் இல்லை. ஸ்கேன் மேல் ஸ்கேன். கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுத்த அன்று, வலி தாங்காமல் ஆட்டோவில் வீடு வரும்வரை என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். எல்லாம் நார்மல் என்றே வந்தது. கடைசியில் வேறொரு டாக்டரம்மாதான், "வீட்டுக்காரருக்கு டெஸ்ட் எடுத்தாச்சா?" என்று கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஊசி இல்லை, வலி இல்லை, சில நூறு ரூபாயில் முடிகிற சோதனை. குழந்தை தள்ளிப்போகும் தம்பதிகளில் கிட்டத்தட்ட பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது. அப்படியிருக்க அவளை அத்தனை பாடு படுத்திவிட்டுக் கடைசியில் நான் போனேன் என்பது இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. நீங்கள் இரண்டே வருடத்தில் சோதனைக்குப் போயிருக்கிறீர்கள், நல்ல காரியம் செய்திருக்கிறீர்கள்.

சரி, உங்கள் ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட கையேட்டின்படி கீழ் எல்லை மில்லிக்கு 16 மில்லியன், அதாவது 1 கோடியே 60 லட்சம். மொத்த அசைவு 42 சதவீதம், முன்னோக்கி நீந்துபவை 30 சதவீதம். சரியான வடிவம் 4 சதவீதம் இருந்தாலே போதும். இந்த 4-ஐப் பார்த்துவிட்டுப் பலர் பயந்துபோகிறார்கள், மீதி 96-ம் கோளாறு என்று. அப்படி இல்லை, ஆரோக்கியமான ஆண்களுக்கே அப்படித்தான் இருக்கும்.

இந்த எல்லையை எப்படிப் போட்டார்கள் என்று தெரிந்தபோதுதான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. முயற்சி தொடங்கி ஒரு வருடத்துக்குள் மனைவி கருத்தரித்த ஆண்களின் மாதிரிகளைச் சேர்த்து, அவர்களில் கடைசி 5 சதவீதம் எங்கே வருகிறதோ அங்கே கோடு கிழித்திருக்கிறார்கள். அப்படியென்றால் கோட்டுக்குக் கீழே இருந்த அந்த 5 சதவீதம் பேரும் அப்பா ஆனவர்கள்தான். எண்ணிக்கை குறையக் குறைய நாள் பிடிக்கும், சிலருக்கு உதவி தேவைப்படும். ஆனால் 9 மில்லியன் என்பது கதவை அடைத்துவிடுகிற எண் இல்லை.

அடுத்தது, ஒரே ஒரு சோதனையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஒரு விந்தணு உருவாக சுமார் 74 நாள் ஆகிறது, அப்புறம் அது முதிர்ந்து வெளியே வரச் சில நாட்கள். அதனால் இன்று கொடுக்கிற மாதிரி கிட்டத்தட்ட மூன்று மாதத்துக்கு முன்பு உங்கள் உடம்பு இருந்த நிலையைத்தான் காட்டும். இடையில் கடுமையான காய்ச்சல் வந்திருந்தால் எண்ணிக்கை விழுந்திருக்கும். எனக்கு முதல் சோதனைக்கு ஒன்றரை மாதம் முன்புதான் டெங்கு வந்து படுத்திருந்தேன். எந்த லேபிலும் அதைக் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

மாதிரி கொடுக்கிற விதத்திலும் கவனம் வேண்டும். இரண்டு நாளுக்குக் குறையாமலும் ஏழு நாளுக்கு மேல் போகாமலும் இடைவெளி விட்டிருக்க வேண்டும். எண்ணெய், சோப்பு எதுவும் கூடாது. கடைகளில் விற்கும் சாதாரண ஆணுறையில் எடுக்கவும் கூடாது. முதலில் வருகிற துளிகளில்தான் விந்தணு அதிகம், அது சிந்திவிட்டால் கூச்சப்படாமல் லேபில் சொல்லிவிட வேண்டும். இரண்டாவது முறை நான் வீட்டிலேயே எடுத்துக்கொண்டு போனேன். டப்பாவின் லேபிளில் என் மனைவி பேனாவால் 7.40 என்று நேரம் எழுதிக் கொடுத்தாள். மார்கழிக் குளிர், சூடு ஆறிவிடக் கூடாது என்று டப்பாவைச் சட்டைக்குள் வயிற்றோடு ஒட்டி வைத்து, ஒரு கையால் அணைத்தபடி தம்பி ஓட்டிய வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சேர்த்துவிட வேண்டும், நாங்கள் இருபது நிமிடத்தில் சேர்த்தோம்.

அந்த முறை 8 மில்லியன். காய்ச்சல் மட்டும் காரணம் இல்லை என்று புரிந்தது. யூராலஜிஸ்ட் என்னை நிற்க வைத்து, மூச்சை அடக்கி முக்கச் சொல்லி, கையால் தொட்டுப் பார்த்தே சொல்லிவிட்டார், இடது பக்கம் வெரிகோசீல் என்று. காலில் நரம்பு சுருட்டிக்கொள்கிறதே, அதே போல விதைப்பைக்கு மேலே ரத்தக் குழாய்கள் புடைத்துக்கொள்வது. ஆண்களில் 100-க்கு 15 பேருக்கு இது இருக்குமாம், குழந்தையில்லை என்று வருகிறவர்களில் 35 முதல் 40 பேர் வரை. இடது பக்க ரத்தக் குழாய் மேலே போய்ச் சிறுநீரகத்தின் ரத்தக் குழாயில் செங்கோணத்தில் சேர்வதால் ரத்தம் தேங்க அந்தப் பக்கம்தான் வாய்ப்பு அதிகம். தேங்கினால் சூடு ஏறும். விதைகளுக்கு உடம்பு வெப்பத்தைவிட 2 முதல் 4 டிகிரி குறைவாக வேண்டும், அவை வெளியே தொங்குவதே அதற்காகத்தான். நானோ தினமும் பத்து மணி நேரம் ஓவன் வாயில் நின்றிருந்தேன். மாலையில் பன் தட்டை இழுக்கும்போது பேன்ட் துணியே காலில் சுடும்.

வெரிகோசீல் உள்ள எல்லோருக்கும் ஆபரேஷன் தேவையில்லை. கையால் தொட்டால் தெரிகிற அளவுக்கு இருந்து, விந்துப் பரிசோதனையும் குறைவாக வந்தால் யோசிப்பார்கள். எனக்கு அடிவயிற்றுக்குக் கீழே சின்னதாகக் கீறி, மைக்ரோஸ்கோப் வைத்துச் செய்தார்கள், மறுநாள் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஓவனுக்கு வேறு மாஸ்டரைப் போட்டேன். சிகரெட்டை விட்டேன். மூன்று மாதத்தில் 13 மில்லியன், ஆறு மாதத்தில் 21. ஒன்பதாவது மாதம் அவளுக்கு நாள் தள்ளிப்போனது. இப்போது மகள் பள்ளிக்கூடம் போகிறாள். எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று நான் சொல்ல மாட்டேன், ஆபரேஷனுக்குப் பிறகும் எண்ணிக்கை ஏறாதவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மாதிரியில் ஒரு விந்தணுகூட இல்லாதவர்களில் பலருக்கே விதையிலிருந்து நேராக எடுத்து, ஒரே ஒரு விந்தணுவைக் கருமுட்டைக்குள் செலுத்துகிற இக்சி முறை இருக்கிறது. பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரத்து மருத்துவர்கள் 1992-ல் அதில் பிறந்த குழந்தைகளைப் பற்றி எழுதியதிலிருந்து உலகம் முழுக்கச் செய்கிறார்கள். நீங்கள் அந்த நிலையிலும் இல்லை.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். பஸ் ஸ்டாண்ட் சுவரில் 'ஆண்மைக் குறைவு' என்று ஒட்டியிருக்கிற நோட்டீஸைப் பார்த்து லாட்ஜுக்குப் போய் லேகியம் வாங்காதீர்கள். உறவில் இருக்கிற தெம்பு வேறு, விந்தணு எண்ணிக்கை வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பித்தான் காசு பறிக்கிறார்கள். அதே மாதிரி டெஸ்டோஸ்டிரோன் ஊசி பக்கமும் போகாதீர்கள். ஆண் ஹார்மோன்தானே, நல்லதுதானே என்று தோன்றும். வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் மூளை விதைகளுக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திவிடும், உற்பத்தி படுத்துவிடும். என் சித்தப்பா மகன் ஜிம்மில் யாரோ சொன்னதைக் கேட்டு ஊசி போட்டு, ரிப்போர்ட்டில் பூஜ்யம் வந்து நின்றான். நிறுத்திய பிறகு திரும்ப வர ஒரு வருடம் ஆனது.

அப்புறம், மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டீர்கள். நான் நாலாவது நாள் ராத்திரி கடையைச் சாத்திவிட்டு வந்து, அடுப்படியில் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது தாளை நீட்டினேன். ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கி, இரண்டு முறை படித்தாள். "இதுக்குத்தான் நாலு நாளா சரியாச் சாப்பிடலையா மாமா?" என்றாள். அடுத்த டெஸ்ட் எப்போது என்று கேட்டாள். மூன்று மாதம் கழித்து என்றேன். சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் தாளைத் தள்ளித் தேடி, மார்கழியில் ஒரு புதன்கிழமையைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டு, மிச்சப் பாத்திரத்தைக் கழுவப் போனாள்.