பெங்களூருக்கு மாற்றல்: அட்வான்ஸ் பணத்துக்கு என்ன வழி?

ஐயா, பெங்களூருக்கு மாற்றலாகும் உங்கள் மகள் வீடு மாறும் செலவைக் கம்பெனியிடம் கேட்கலாமா என்று கேட்டு, ‘செலவைக் கேட்கப் போய் வேலைக்கே வேட்டு வைத்துவிடுவார்களோ’ என்று பயந்து எழுதியிருக்கிறீர்கள். கோவை அலுவலகத்தில் மூன்று வருடம் நல்ல பெயர் எடுத்த பெண்ணைக் கம்பெனிதான் தன் தேவைக்காகப் பெங்களூருக்குப் போகச் சொல்கிறது. மிஞ்சிப்போனால் ‘முடியாது’ என்பார்கள். நான் முதல் வேலையில் ஐதராபாத்துக்கு மாற்றலாகிப் போனபோது, கிரைண்டர் முதல் கட்டில் வரை சொந்தக் காசில் லாரி ஏற்றினேன். கூட வந்தவருக்கு லாரி வாடகையும் தங்கும் செலவும் கிடைத்திருந்தது ஆறு மாதம் கழித்துத்தான் தெரியவந்தது. அவர் கேட்டிருந்தார், நான் கேட்கவில்லை.

மகள் இன்னும் ‘சரி, வருகிறேன்’ என்று மெயில் போடவில்லைதானே? நல்லது, போடவேண்டாம். சம்மதம் சொன்ன பிறகு கேட்டால் யாரும் காதில் வாங்கமாட்டார்கள். அதற்காக ‘வரமாட்டேன்’ என்றும் சொல்லவேண்டியதில்லை. ‘வரத் தயார், இந்தச் செலவுகளைப் பற்றி மட்டும் பேசிவிடலாம்’ என்றால் போதும்.

லாரி வாடகையைப் பற்றித்தான் நிறைய எழுதியிருக்கிறீர்கள். அது சின்னத் தொகை. வீட்டு அட்வான்ஸ்தான் ஆளைச் சாய்க்கும். பெங்களூரில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது பழைய வழக்கம். இப்போது பேசினால் ஐந்து, ஆறு மாதத்துக்கு இறங்கி வருகிறார்கள். வாடகை 25,000 ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாத அட்வான்ஸ் ஒன்றரை லட்சம், புரோக்கருக்கு ஒரு மாதம், முதல் மாத வாடகை. பால் காய்ச்சும் முன்பே இரண்டு லட்சம் போய்விடும். அட்வான்ஸ் என்றாவது திரும்பி வரும் பணம் என்பதால் கம்பெனி அதை இனாமாகத் தராது. வட்டியில்லாக் கடனாகக் கேட்கட்டும், பத்துப் பன்னிரண்டு மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம். மொத்தமாக ‘ஒரு லட்சம் கொடுங்கள்’ என்று கேட்பதைவிட இதற்குத் தலையாட்டுவது மேலாளருக்கும் சுலபம். (காலி செய்யும்போது பெயிண்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைக் கழிப்பதும் அங்கே வழக்கம். அந்தக் கணக்கும் மனதில் இருக்கட்டும்.)

புரோக்கர் கமிஷன், சாமான் ஏற்றும் செலவு, முதல் பதினைந்து நாள் தங்கும் இடம், இந்த மூன்றையும் கம்பெனி செலவாகவே கேட்கலாம். பேக்கர்ஸ் இரண்டு பேரிடம் எழுத்தில் விலை வாங்கி மெயிலோடு இணைத்தால் பேச்சு சீக்கிரம் முடியும். சாமானுக்கு இன்ஷூரன்ஸ் உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

பணம் எந்த வழியில் வருகிறது என்பதையும் பார்க்கவேண்டும். சம்பளத்தோடு போனஸாகச் சேர்த்துக் கொடுத்தால் வரி பிடிப்பார்கள். மாற்றலுக்கான பயண, சாமான் செலவுப் படியாக (அலவன்ஸாக) தந்தால், உண்மையில் செலவான அளவுக்கு வருமான வரி விலக்கு உண்டு. மாற்றலின்போது கம்பெனி தரும் ஓட்டல் தங்கலுக்கும் 15 நாள் வரை வரி கிடையாது. அதனால் ஜிஎஸ்டி பில் ஒன்றையும் தொலைக்கவேண்டாம்.

கம்பெனியின் மாற்றல் கடிதம் கைக்கு வந்ததும் கடைசிப் பக்கத்தைப் படியுங்கள். ‘ஒரு வருடத்துக்குள் விலகினால் முழுத் தொகையையும் திருப்பித் தரவேண்டும்’ என்று பெரும்பாலும் இருக்கும். இருந்த மாதங்களுக்கு ஏற்பக் கழித்துக்கொண்டு மீதியை மட்டும் கேட்கும்படி மாற்றச் சொல்லுங்கள். கம்பெனியே வேலையைவிட்டு அனுப்பினால் எதுவும் திருப்பவேண்டியதில்லை என்ற வரியும் வேண்டும். மேலாளர் வாயால் ‘பார்த்துக்கலாம்மா’ என்றது இங்கே செல்லாது.

அப்புறம் மகளின் ஸ்கூட்டர். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்யவேண்டும். கோவை ஆர்டிஓவில் தடையில்லாச் சான்று வாங்கிக்கொண்டு போய், கர்நாடகத்தில் சாலை வரியும் கட்டவேண்டிவரும். பழைய வண்டி என்றால் கோவையிலேயே விற்றுவிடுங்கள்.